நோட்டுக் கணக்கு (கடிதம்)

அன்புள்ள ஐயா,

பிளஸ் டூ முடித்திருக்கிறேன். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் 'பிசினஸ் இன்ஃபர்மேஷன் டெக்னாலஜி' படிக்க இடம் கிடைத்திருக்கிறது. பாதி காமர்ஸ், பாதி கம்ப்யூட்டர், இரண்டிலும் அரைகுறையாகத்தான் வருவாய் என்கிறார் மாமா. வேலை கிடைக்குமா? கல்விக் கடன் வாங்கலாமா? அப்பா ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறை வைத்திருக்கிறார். இன்னும் நோட்டுக் கணக்குதான். அங்கே உட்காரவே எனக்குப் பிடிக்கவில்லை.

ஒரு வாசகர், காரைக்குடி

அன்புள்ள தம்பி,

மாமாவை விடு. மாமாக்கள் எந்தப் படிப்பையும் அப்படித்தான் சொல்வார்கள். கடனை வங்கியில் கேள். வேலை உண்டு: பிசினஸ் அனலிஸ்ட், ஈஆர்பி (கம்பெனியின் கணக்கு, சரக்கு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் நடத்தும் மென்பொருள்) கன்சல்டன்ட், சிஸ்டம் ஆடிட் என்று பல பெயர்களில். ஜெர்மனியில் 1972-ல் தொடங்கிய எஸ்ஏபி கம்பெனியின் மென்பொருளை வைத்தே உலகமெங்கும் பலர் பிழைக்கிறார்கள். புரோகிராம் எழுதுகிறவனுக்கு வியாபாரம் தெரியாது, வியாபாரிக்குப் புரோகிராம் தெரியாது. நடுவில் ஆள் வேண்டும். சரி, அது போகட்டும்.

உன் கடைசி வரிதான் உறுத்துகிறது. எங்கள் ஐயாவின் பேரேடுகளைப் பரணிலிருந்து இறக்கிப் புரட்டிக்கொண்டிருக்கும்போது உன் கடிதம் வந்தது. மலாயாவில் ஒரு கடையில் பெட்டியடிப் பையனாக, அதாவது எடுபிடியாகச் சேர்ந்தவர் அவர். கடையைப் பெருக்கி, பெரியவர்கள் எழுதியதை நகலெடுத்து, அப்புறம்தான் அடுத்தாள், அதாவது கடைப் பொறுப்பாளருக்கு அடுத்த ஆள் ஆனார். வரவு, பற்று, ஐந்தொகை (பேலன்ஸ் ஷீட்) எல்லாம் அங்கே உட்கார்ந்து கற்றவை. ஊரில் இருக்கும் முதலாளி, கடல் தாண்டி வரும் காகிதத்தை வைத்தே கடையைப் புரிந்துகொள்ள வேண்டும். அதற்குத் தக எழுதினார்கள். நீ பணம் கட்டிப் படிக்கப்போவதும் இதுதானடா!

பிடிக்கவில்லையாம். அந்த நோட்டைத் திறந்தாவது பார்த்தாயா? கண்ணாடி மேல் வண்ணச் சிமெண்டைக் கையால் ஊற்றுகிற வேலை. போன மாதத்துச் சிவப்பையும் இந்த மாதத்துச் சிவப்பையும் பக்கத்தில் வைத்தால் வேறுவேறாகத் தெரியும். வீட்டுக்காரர் கல் பத்தவில்லை என்று திரும்ப வந்தால் எதைக் கொடுப்பது? தண்ணீரில் ஊறிக்கொண்டிருக்கும் கல் இருப்பில் சேருமா? லாரியில் உடைந்தது யார் கணக்கு? அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வீட்டு வேலையையே நிறுத்திவிட்டவரை எந்தக் கட்டத்தில் போடுவாய்? பெரிய கம்பெனியில் 'பேட்ச்' நம்பர் போட்டு மென்பொருளில் வைப்பதை உன் அப்பா நோட்டு ஓரத்தில் கிறுக்கி வைத்திருப்பார். அவருக்கு மட்டும்தான் அது புரியும் என்பது கோளாறுதான். அந்தக் கோளாறைச் சரிசெய்யத்தானே உன் படிப்பு? பட்டறைப் பக்கமே எட்டிப் பார்க்காமல் ஏசி அறையில் உட்கார்ந்து மென்பொருள் திரைகளை வடிவமைக்கிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். அவர்கள் போட்டுக் கொடுத்ததை ஓரமாக வைத்துவிட்டு குமாஸ்தா மறுபடி நோட்டு வாங்குவார்.

விமானம் ஏறுவதற்குள் ஒரு மாதமாவது பட்டறையில் உட்கார். கம்ப்யூட்டரில் ஏற்றப்போகிறேன் என்று ஆரம்பித்துவிடாதே, அப்பா மிரண்டுபோவார். அவர் சொல்லச் சொல்ல எழுது, போதும். உடைசலை எந்த நோட்டில், எந்தப் பெயரில் எழுதுகிறார் என்று கண்டுபிடித்து எனக்கு அடுத்த கடிதம் போடு.