இழப்பீட்டில் நாலில் ஒரு பங்கு வழக்கறிஞருக்கா?

கேள்வி: 2019 ஜூன் மாதம் என் கணவரும், அப்போது ஒன்பது வயதாக இருந்த என் மகனும் சாட்ஸ்வொர்த்திலிருந்து டர்பன் நகரத்துக்குப் போன கோம்பி டாக்சி (பலர் சேர்ந்து பயணிக்கும் சிறு வேன்) ஒரு லாரியின் பின்னால் மோதியது. கணவருக்குத் தொடை எலும்பு முறிந்து உள்ளே கம்பி வைத்தார்கள். துறைமுகத்தில் கப்பல் பழுதுபார்க்கும் பட்டறையில் வெல்டராக இருந்தவர். இப்போது அந்த வேலைக்குப் போக முடியவில்லை. மகனுக்குத் தலையில் அடிபட்டது. மருத்துவமனை வாசலில் அறிமுகமான ஒருவர் எங்களை ஒரு அட்டர்னியிடம் அழைத்துச் சென்றார். 2023 நவம்பரில், விபத்தில் காயமடைந்தவர்களுக்கு இழப்பீடு தரும் அரசு அமைப்பான சாலை விபத்து நிதியம் கணவருக்கு 12,00,000 ராண்டு தருவதாகச் சமரசம் ஆனது. அதுவே குறைவு என்றுதான் எங்களுக்குத் தோன்றுகிறது. 2024 ஜூனில் எங்கள் கைக்கு வந்தது 6,90,000 ராண்டு. கட்டணம் 25 சதவீதம் என்று 3,00,000, மருத்துவ அறிக்கை முதலிய செலவுகள் 1,65,000, அறிமுகம் செய்தவருக்கு 45,000 என்று ஒரே தாளில் மூன்று வரியாகக் கழித்திருக்கிறார்கள். கேட்டால் “சட்டப்படி நாலில் ஒரு பங்கு எங்களுடையது” என்கிறார். மகனின் விஷயத்தைக் கேட்டால் பிறகு பார்க்கலாம் என்கிறார். இப்போது தொலைபேசியையும் எடுப்பதில்லை. நாங்கள் என்ன செய்யலாம்?

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தில் தெரிவது ஒரே கோபம்தான் என்றாலும், சட்டம் அதை ஒரே குறையாக எடுத்துக்கொள்வதில்லை. கட்டணம் அதிகம் என்பது ஒரு விவகாரம். தொகையே குறைவாகப் பேசி முடிக்கப்பட்டது என்பது இன்னொன்று. மகனின் கோரிக்கை கிடப்பில் போடப்பட்டது மூன்றாவது. ஒவ்வொன்றுக்கும் போக வேண்டிய இடமும் காலக்கெடுவும் வேறு என்பதால், எல்லாவற்றையும் ஒரே புகாராக எழுதி ஒரே அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டுக் காத்திருப்பவர்கள் பெரும்பாலும் காலத்தை இழக்கிறார்கள்.

முதலில் அந்த 25 சதவீதம். வென்றால் மட்டும் கட்டணம் என்ற ஏற்பாட்டைத் தென்னாப்பிரிக்காவில் அனுமதிப்பது 1997ஆம் ஆண்டின் 66ஆம் எண் சட்டம். அது வழக்கறிஞருக்கு நாலில் ஒரு பங்கை எங்கும் எழுதிக் கொடுக்கவில்லை. அவர் செய்த வேலைக்குச் சாதாரணமாக என்ன கட்டணம் வருமோ அதைக் கணக்கிட்டு, வென்றதற்காக அதை இரட்டிப்பு வரை உயர்த்திக்கொள்ளலாம்; அப்படி உயர்த்தினாலும், பணம் கோரும் வழக்குகளில் அது கிடைத்த தொகையின் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பதே சட்டம். இரண்டில் எது குறைவோ அதுதான் அவருக்கு உரியது. எடுத்துக்காட்டாக, உங்கள் கணவரின் வழக்கில் அட்டர்னி செலவிட்ட நேரத்துக்கும் எழுதிய கடிதங்களுக்கும் அவருடைய வழக்கமான விகிதப்படி 90,000 ராண்டு ஆகிறது என்று வையுங்கள். அதன் இரட்டிப்பு 1,80,000. நாலில் ஒரு பங்கு 3,00,000. அவர் எடுத்துக்கொள்ளக்கூடியது 1,80,000 மட்டுமே. மீதி 1,20,000 உங்களுடையது. ஆகவே உங்கள் கேள்வி “25 சதவீதம் நியாயமா” என்பதாக இல்லாமல், “உங்கள் சாதாரணக் கட்டணம் எவ்வளவு, அதை நாள்வாரியாகக் காட்டுங்கள்” என்பதாக இருக்க வேண்டும். மூன்று வரிக் கணக்கு இதற்கு விடை ஆகாது.

இரண்டாவதாக, ஒப்பந்தத்தையே பார்க்க வேண்டும். அது எழுத்தில், அரசு வகுத்த படிவத்தில் இருக்க வேண்டும். இருவரும் கையெழுத்திட்டிருக்க வேண்டும். கையெழுத்தான நாளிலேயே ஒரு பிரதி உங்களுக்குத் தரப்பட்டிருக்க வேண்டும். வேறு வகையில் வழக்குச் செலவைச் சமாளிக்கும் வழிகள் உங்களுக்கு விளக்கப்பட்டன என்றும், 14 நாட்களுக்குள் எழுத்தில் அறிவித்து விலகிக்கொள்ளலாம் என்றும் அதில் இருக்க வேண்டும். “காகிதங்களில் கையெழுத்திட்டோம்” என்று மட்டும் எழுதுகிறவர்கள் பலருக்கு அதன் பிரதி கைக்கு வந்ததே இல்லை. பிரதி இல்லையென்றால் அதைக் கேட்பதே உங்கள் முதல் வேலை. இச்சட்டத்துக்கு வெளியே தங்கள் விருப்பப்படி சதவீதம் பேசிக்கொள்ள வழக்கறிஞர்களுக்கு உரிமை இல்லை என்பதை 2014 பிப்ரவரியில் அரசியலமைப்பு நீதிமன்றம் உறுதி செய்துவிட்டது. சட்டத்துக்குப் பொருந்தாத ஒப்பந்தம் செல்லாது. அந்நிலையில் அட்டர்னிக்கு மிஞ்சுவது செய்த வேலைக்கான நியாயமான கட்டணமே, வெற்றிக்கான உயர்வு அல்ல.

சமரசம் ஆன விதத்திலும் ஒரு சோதனை இருக்கிறது. இத்தகைய ஒப்பந்தம் உள்ள வழக்கில் சமரசத்தை ஏற்கும்போது, வழக்கறிஞர் ஒரு பிரமாணப் பத்திரமும், கட்சிக்காரர் ஒரு பிரமாணப் பத்திரமும் தாக்கல் செய்ய வேண்டும். வழக்கறிஞர் தம்முடையதில், வழக்கு விசாரணைக்குப் போயிருந்தால் எவ்வளவு கிடைத்திருக்கும் என்ற மதிப்பீட்டையும் சொல்ல வேண்டும். கட்சிக்காரர் தம்முடையதில், நிபந்தனைகள் எழுத்தில் தெரிவிக்கப்பட்டு விளக்கப்பட்டன, அவற்றை ஏற்கிறேன் என்று சத்தியம் செய்ய வேண்டும். உங்கள் கணவர் அப்படி எதிலும் கையெழுத்திட்ட நினைவு இல்லையென்றால், நீதிமன்றக் கோப்பில் அவர் பெயரில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். வழக்கு டர்பன் உயர் நீதிமன்றத்தில் தொடரப்பட்டிருந்தால், வழக்கு எண்ணை வைத்துப் பதிவாளர் அலுவலகத்தில் கோப்பைப் பார்க்கக் கேட்கலாம்.

அறிமுகம் செய்தவருக்கு 45,000 ராண்டு என்ற வரியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மருத்துவமனை வாசலிலும் இழுவை வண்டிக்காரர்கள் வழியாகவும் ஆள் பிடிப்பதும், வழக்கறிஞர் அல்லாத ஒருவருடன் கட்டணத்தைப் பங்கிட்டுக்கொள்வதும் தொழில் ஒழுங்கு விதிகளின்படி தவறு. அந்தத் தவறின் செலவை உங்கள் தலையில் கட்டியதோடு, அதைத் தம் கைப்படக் கணக்கிலும் எழுதித் தந்திருக்கிறார். அந்தத் தாளைப் பத்திரமாக வையுங்கள்; மூலத்தை யாரிடமும் கொடுக்காதீர்கள்.

கடிதத்தில் நீங்கள் குறிப்பிடாத, ஆனால் நான் முதலில் தேடும் தொகை ஒன்று உண்டு. சமரசத் தொகைக்கு மேலாக, வழக்குச் செலவுக்கென்று நிதியம் தனியே ஒரு தொகை தருவது வழக்கம். அந்தப் பணம் அட்டர்னியின் பரிசு அல்ல. உங்கள் செலவை ஈடுகட்ட வருவது. நிபுணர் அறிக்கைகளுக்கென்று உங்களிடம் 1,65,000 கழித்துவிட்டு, அதே அறிக்கைகளுக்காக நிதியம் தந்ததையும் அவர் வைத்துக்கொண்டிருந்தால், ஒரே செலவு இருமுறை வசூலாகிறது. டர்பனில் உள்ள நிதிய அலுவலகத்துக்கு உங்கள் கணவர் அடையாள அட்டையுடன் நேரில் போய், கோரிக்கை எண்ணைச் சொல்லி, எந்த நாளில் எந்தத் தலைப்பில் எவ்வளவு செலுத்தப்பட்டது என்று எழுத்தில் கேட்கட்டும். அட்டர்னியைக் கேட்பதற்கு முன் இதைச் செய்வது நல்லது.

அதே அலுவலகத்துக்குப் போகும்போது இன்னொன்றையும் கேளுங்கள். எதிர்கால மருத்துவச் செலவுக்கு நிதியம் பெரும்பாலும் ரொக்கம் தராமல், சாலை விபத்து நிதியச் சட்டத்தின் (1996ஆம் ஆண்டின் 56ஆம் எண் சட்டம்) 17(4)(அ) பிரிவின்படி ஓர் உறுதிச் சான்றிதழ் தருகிறது. தொடையிலுள்ள கம்பியை ஒருநாள் எடுக்க வேண்டி வந்தாலோ, இயன்முறை சிகிச்சை தொடர வேண்டி வந்தாலோ அந்தச் செலவை நிதியத்திடமிருந்து பெற அதுவே ஆதாரம். பலருடைய சான்றிதழ் அட்டர்னியின் அலமாரியிலேயே தூங்குகிறது.

இத்தனையும் சேர்ந்ததும், அட்டர்னிக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். மின்னஞ்சலிலும் பதிவுத் தபாலிலும் அனுப்புங்கள். ஒப்பந்தப் பிரதி, விவரமான கட்டணப் பட்டியல், செலவுகளுக்கான ரசீதுகள், நிதியம் தந்த வழக்குச் செலவுத் தொகையின் கணக்கு, உறுதிச் சான்றிதழ் ஆகியவற்றை 14 நாட்களில் தருமாறு கேளுங்கள். திட்ட வேண்டாம். பதில் வராவிட்டால், 2014ஆம் ஆண்டின் 28ஆம் எண் சட்டப்படி அமைந்த, வழக்கறிஞர் தொழிலைக் கட்டுப்படுத்தும் சட்டத் தொழில் மன்றத்தின் குவாசூலு-நாட்டால் அலுவலகத்தில் எழுத்தில் புகார் செய்யலாம். வென்றால் கட்டணம் என்ற ஒப்பந்தத்தையும் அதன்படி வாங்கிய கட்டணத்தையும் மறுபரிசீலனை செய்து, நியாயமற்றதை நீக்கும் அதிகாரம் அந்த மன்றத்துக்கு உண்டு. கட்டணப் பட்டியலை உயர் நீதிமன்றத்தில் வழக்குக் கட்டணங்களை மதிப்பிடும் அதிகாரியான டாக்சிங் மாஸ்டர் முன் மதிப்பீட்டுக்கு வைக்கும்படி கோரவும் முடியும். ஆனால் மன்றத்திடமிருந்து எதை எதிர்பார்க்கக் கூடாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்: அது அவரைத் தண்டிக்கலாம், அவர் பெயரைப் பட்டியலிலிருந்து நீக்க உயர் நீதிமன்றத்தை அணுகலாம், கவனக்குறைவால் உங்களுக்கு ஏற்பட்ட நட்டத்துக்கு ஈடு வாங்கித் தருவது அதன் வேலை அல்ல.

நிதியம் செலுத்திய பணம் அட்டர்னியின் அறக்கட்டளைக் கணக்கிலிருந்து (கட்சிக்காரர்களின் பணத்தைத் தனியே வைக்கும் வங்கிக் கணக்கு) மறைந்துவிட்டது என்று தெரிந்தால் நிலைமை மாறுகிறது. அது களவு. அப்படிக் களவு போன கட்சிக்காரர் பணத்துக்கு ஈடு தர வழக்கறிஞர் நம்பக நிதி என்ற ஏற்பாடு இருக்கிறது. களவு தெரியவந்த, அல்லது கவனமாக இருந்திருந்தால் தெரிந்திருக்க வேண்டிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் அவர்களுக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்பதால், நிதிய அலுவலகத்தின் பதிலில் சந்தேகம் எழுந்த அன்றே செயல்படுங்கள். அதிகக் கட்டணமும் கவனக்குறைவும் அந்த நிதியின் எல்லைக்குள் வராது.

இனி, 12,00,000 ராண்டே குறைவு என்ற உங்கள் மனக்குறை. நேர்மையாகச் சொல்கிறேன்: ஏற்றுக்கொண்ட சமரசத்தைக் கலைப்பது கடினம், எதிர்பார்த்ததைவிடக் குறைவாகக் கிடைத்தது என்பதற்காக மட்டும் எந்த வழக்கறிஞரும் பொறுப்பாளி ஆவதில்லை. 2008 ஆகஸ்ட் முதல், காயம் கடுமையானது என்று உரிய படிவத்தில் மருத்துவர் மதிப்பிட்டாலன்றி வலிக்கும் வேதனைக்குமான இழப்பீடு கிடைப்பதில்லை. அது அட்டர்னியின் குற்றம் அல்ல. சமரசத்துக்குப் பின் பணம் வர ஆறேழு மாதம் ஆனதும் பெரும்பாலும் நிதியத்தின் தாமதமே. ஆனால் ஒரு வெல்டர் தம் தொழிலை இழந்திருக்கிறார். அவருடைய எதிர்கால வருமான இழப்பைக் கணக்கிட எலும்பு மருத்துவர், தொழில்வழி சிகிச்சை நிபுணர், தொழில் உளவியலாளர், கணக்கியல் மதிப்பீட்டாளர் என்ற வரிசையில் அறிக்கைகள் வாங்கப்பட்டனவா, சம்பளச் சீட்டுகள் அவர்களிடம் போயினவா என்பதே உண்மையான கேள்வி. 1,65,000 ராண்டுக்கான ரசீதுகளை நான் அவ்வளவு வற்புறுத்துவது இதற்கும்தான். யாருடைய அறிக்கை வாங்கப்பட்டது, யாருடையது வாங்கப்படவில்லை என்பதை அவையே காட்டிவிடும். வருமான இழப்புக்கான அறிக்கை எதுவும் இல்லாமல் சமரசம் பேசப்பட்டிருந்தால், கவனக்குறைவுக்காக அட்டர்னி மீதே வழக்குத் தொடர அடிப்படை இருக்கிறது.

அந்த வழக்கு எளிதல்ல. அவர் தவறினார் என்பதோடு, தவறாமல் இருந்திருந்தால் எவ்வளவு கிடைத்திருக்கும் என்பதையும் நீங்கள் நிரூபிக்க வேண்டும். வழக்குக்குள் இன்னொரு வழக்கு நடக்கும். ஆறுதல் ஒன்று உண்டு: நம்பக நிதியின் சான்றிதழுடன் தொழில் செய்யும் அட்டர்னிகளுக்குக் கவனக்குறைவுக் காப்பீடு இருக்கிறது, ஆகவே வென்றால் பணம் வாங்க ஆள் இருக்கும். காலக்கெடு, பொதுவாக, நட்டத்தின் உண்மைகள் தெரிந்த நாளிலிருந்து மூன்று ஆண்டு. எப்போது தெரிந்தது என்ற வாதத்தில் மாட்டிக்கொள்ளாமல், சமரசம் ஆன நாளிலிருந்தே எண்ணி, 2026 நவம்பருக்குள் சம்மன் போய்ச் சேர வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மன்றத்தில் புகார் நிலுவையில் இருப்பது இந்தக் கடிகாரத்தை நிறுத்தாது. இதற்கு வேறொரு அட்டர்னி தேவை. காய வழக்குகளை மட்டுமல்ல, வழக்கறிஞர்களுக்கு எதிரான வழக்குகளை ஏற்று நடத்துகிறவரா என்று கேட்டே அமர்த்துங்கள். ஊர் சிறியது, சக வழக்கறிஞர் மீது வழக்குப் போடத் தயங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

மகனின் கோரிக்கை இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. அடையாளம் தெரிந்த வாகனத்தால் நேர்ந்த விபத்துக்கு மூன்று ஆண்டுக்குள் கோரிக்கை வைக்க வேண்டும் என்ற விதி, வயது வராத பிள்ளைக்கு எதிராக ஓடுவதில்லை என்று அதே 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23ஆம் பிரிவு சொல்கிறது. டாக்சியின் எண்ணும் ஓட்டுநரும் தெரிந்தவர்கள், பையன் பயணி. பதினெட்டு வயது ஆனதும் காலம் ஓடத் தொடங்கும். ஆயினும் அதுவரை காத்திருப்பது சரியல்ல. தலைக்காயத்தின் விளைவு பள்ளிப் படிப்பிலும் நினைவாற்றலிலும் பிறகே வெளிப்படலாம். விபத்துக்கு முன்னும் பின்னுமான மதிப்பெண் அறிக்கைகளைப் பள்ளியிலிருந்து இப்போதே வாங்குங்கள். அன்று சிகிச்சை தந்த மருத்துவமனையின் பதிவேட்டுப் பிரதிக்கும் விண்ணப்பியுங்கள். பழைய கோப்புகள் தொலைவது இங்கே புதிதல்ல. பழைய அட்டர்னியிடம் மகனுக்காகவும் அதிகாரப் பத்திரம் கொடுத்திருந்தால் அதை எழுத்தில் ரத்து செய்துவிட்டு, புதியவரிடம் முதல் சந்திப்பிலேயே பையனின் பிறப்புச் சான்றிதழையும் விபத்து பற்றிய காவல்துறை அறிக்கையின் எண்ணையும் கொடுத்துவிடுங்கள்.