மீனாவைத் தோப்பில் விட்டுவிடலாமா?

கேள்வி: எங்கள் வீட்டுப் பச்சைக்கிளி மீனாவுக்கு 17 வயது. பட்டுப்போன தென்னையை வெட்டியபோது பொந்திலிருந்து விழுந்த குஞ்சை என் மாமனார் எடுத்துவந்து வளர்த்தார். அவர் இப்போது இல்லை. 74 வயதாகும் அத்தைக்கு மீனாதான் துணை. அத்தை கையால் கொடுத்தால்தான் தின்னும். அவரைப் பார்த்தால் தலையை ஆட்டி ஆட்டி, தின்றதைக் கக்கிக் கொடுக்கப் பார்க்கும். கிளி வளர்ப்பது குற்றம் என்று யாரோ சொன்னதிலிருந்து என் கணவருக்குத் தூக்கமில்லை. ராத்திரியோடு ராத்திரியாக ஊர்க்கோடித் தோப்பில் கூண்டைத் திறந்துவிடலாம் என்கிறார். “மீனாட்சி கையிலயும் ஆண்டாள் கையிலயும் இருக்கலாம், நம்ம வீட்ல இருந்தா மட்டும் குத்தமா?” என்று அத்தை அழுகிறார். என்ன செய்வது?
— வாசகி, தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: அன்புச் சகோதரிக்கு, உங்கள் கணவரிடம் முதலில் இதைச் சொல்லுங்கள்: தோப்பு வேண்டவே வேண்டாம்.

என் பெரியம்மா வீட்டில் ஒரு கிளி இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை, புண்ணியம் என்று நினைத்து ஆற்றங்கரையில் அதைத் திறந்துவிட்டார்கள். அது தத்தித் தத்திப் பறந்து, அருகிலிருந்த வீட்டின் ஜன்னல் கம்பியில் உட்கார்ந்து, பெரியம்மாவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. காக்கைகள் கூடிவிட்டன. நாங்கள் ஓடிப்போய் எடுப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அந்தச் சின்ன வயதில் கேட்ட குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.

17 வருஷம் கூண்டில் இருந்த பறவைக்கு இறக்கை இருக்கும், பறக்கும் பலம் இருக்காது. எந்த மரத்தில் எப்போது பழம் வரும், வல்லூறின் நிழல் விழுந்தால் எங்கே ஒளிய வேண்டும் என்பதையெல்லாம் குஞ்சாக இருக்கும்போதே கூட்டத்தோடு பறந்துதான் கற்றுக்கொள்ள வேண்டும். மீனாவுக்கு அந்தக் கூட்டமே கிடைக்கவில்லை. பசித்தால் அது மரத்தைத் தேடாது, மனுஷ முகத்தைத் தேடும்.

நீங்கள் அனுப்பிய படத்தில் கழுத்தைச் சுற்றிக் கறுப்பும் ரோஜா நிறமுமாக ஆரம் தெளிவாகத் தெரிகிறது. மீனா ஆண் கிளி. ஆணுக்குத்தான் அந்த ஆரம், அதுவும் இரண்டு மூன்று வயதில்தான் விழும். குஞ்சில் எடுத்து வந்தவர்கள் பெண் பேர் வைத்ததில் தப்பில்லை. ஆனால், அது கக்கிக் கொடுப்பதை நோய் என்று நினைத்துவிடாதீர்கள். ஆண் கிளி தன் ஜோடிக்கு அப்படித்தான் ஊட்டும். உங்கள் அத்தையை அது தன் ஜோடியாகவே வரித்துக்கொண்டிருக்கிறது. நன்றாகப் பார்த்துக்கொண்டால் பச்சைக்கிளி 25, 30 வருஷம்கூட இருக்கும். அத்தையின் வயதையும் மீனாவின் வயதையும் சேர்த்து யோசித்துப் பாருங்கள். அத்தைக்குப் பிறகு அது யார் கையால் தின்னும்? சட்டமே இல்லாவிட்டாலும் இந்தக் கேள்வி உங்கள் வீட்டுக்கு வந்திருக்கும்.

சட்டம் தெளிவாக இருக்கிறது. 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி நம் நாட்டுக் கிளிகளை வீட்டில் வைத்திருக்கக் கூடாது. 2022-ல் சட்டத்தைத் திருத்தியபோது பச்சைக்கிளியை, பாதுகாக்க வேண்டிய உயிரினங்களைப் பட்டியலிடும் இரண்டாம் அட்டவணையில் சேர்த்தார்கள். காசுக்கு வாங்கினாலும், விழுந்த குஞ்சைக் கருணையோடு எடுத்து வளர்த்தாலும் குற்றம் குற்றம்தான். லவ் பேர்ட்ஸ் மாதிரி வெளிநாட்டுப் பறவைகளுக்கு விதி வேறு, அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். உங்கள் மாமனார் ஒரு உயிரைக் காப்பாற்றினார். ஆனால், கிளி வளர்க்க ஆசைப்படும் வீடுகளுக்காகவே பொந்துகளைக் குடைந்து குஞ்சுகளை அள்ளுகிறார்கள், அவற்றில் பல கொண்டுபோகும் வழியிலேயே செத்துப்போகின்றன. இந்தச் சட்டம் இல்லாவிட்டால் அதை நிறுத்த வேறு வழியில்லை என்பதே என் எண்ணம்.

அத்தையின் கேள்விக்கு வருகிறேன். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளின் இடக்கையில் இருக்கும் கிளி தினமும் புதிதாக இலைகளால் கட்டப்படுவது. மாதுளம்பூவில் மூக்கு வைப்பார்கள். பிறகு அது பக்தர் ஒருவருக்குப் போய்விடும், மறுநாள் வேறு கிளி. அத்தையிடம் இதைச் சொல்லுங்கள். வாதத்தில் ஜெயிப்பதற்காக அல்ல, பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு சொல்லுங்கள்.

மாவட்ட வன அலுவலகத்தில் ஒப்படைப்பதுதான் வழி. சில மாவட்டங்களில் வனத்துறையே நாள் குறித்து, தாமாக முன்வந்து ஒப்படைக்கும்படி மக்களைக் கேட்டிருக்கிறது. பயமாக இருந்தால், தெரிந்த வக்கீல் ஒருவரிடம் முன்கூட்டியே பேசி அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். கிளி எப்படி வந்தது, எத்தனை வருஷமாக இருக்கிறது என்று உள்ளது உள்ளபடி எழுதிக் கொடுத்து, ஒப்புகை வாங்குங்கள். வெயில் ஏறுவதற்கு முன் கிளம்புங்கள். கூண்டைப் பாதி துணியால் மூடினால் வண்டிச் சத்தத்தில் மிரளாது. காட்டில் விட முடியாத கிளி இது என்று வாயாலும் சொல்லுங்கள், எழுத்திலும் சொல்லுங்கள். மற்ற கிளிகளோடு இருக்கிற பெரிய கூண்டில் வைக்க முடியுமா, அத்தை எப்போதாவது வந்து பார்க்கலாமா என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

அத்தையை வீட்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். மீனாவுக்கு எது பிடிக்கும், எந்த நேரத்தில் தூங்கும், என்ன பேர் சொன்னால் திரும்பிப் பார்க்கும் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். அவர் சொல்லச் சொல்ல நீங்கள் ஒரு தாளில் எழுதுங்கள். பால்சாதம் கொடுத்துப் பழக்கியிருந்தால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள். பறவைகளுக்குப் பால் செரிக்காது, பார்த்துக்கொள்கிறவர்கள் மெல்ல மாற்றிக்கொள்வார்கள். அந்தத் தாளை அத்தையே தன் கையால் கொடுக்கட்டும்.

அப்புறம் சில மாதங்கள் வீடு கஷ்டமாகத்தான் இருக்கும். ‘ஒரு கிளிக்குப் போயா இப்படி’ என்று சொந்தக்காரர்கள் சொன்னால், அத்தை காதில் விழாமல் தடுப்பது உங்கள் பொறுப்பு. மீனாவுக்குத் தீனி வைக்கும் நேரத்தில் எந்த வேலை இருந்தாலும் அவரோடு போய் உட்காருங்கள். ஆறுதலுக்கென்று வேறு பறவை வாங்கிவராதீர்கள்.

கூண்டை யார் கேட்டாலும் கொடுக்க வேண்டாம். கம்பியைப் பிரித்து, பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்டுவிடுங்கள்.