மகள் ஏ.ஐ. படிக்க ஆசைப்படுகிறாள்: சீட்டுக்குப் பணம் கட்டும் முன்

வணக்கம் அம்மா. உங்கள் கடிதத்தை நிதானமாகப் படித்தேன். பிளஸ் டூவில் பயோ-மேத்ஸ் முடித்த மகளுக்கு நீட் மதிப்பெண் எம்.பி.பி.எஸ். வரை எட்டவில்லை. அத்தையைக் கணையப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்ததிலிருந்து, இந்த நோயை ஏ.ஐ. மூலம் முன்கூட்டியே கண்டுபிடிக்கிற வேலைக்குத்தான் போவேன் என்கிறாள். பெயரிலேயே ஏ.ஐ. இருக்கிற பி.டெக். ஒன்றுக்கு மேனேஜ்மென்ட் கோட்டாவில் பணம் கட்டிவிடலாமா என்று கேட்கிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள். அவள் ஆசை நல்ல ஆசை, அதை வளர்க்கிற படிப்பு எது என்று முதலில் பார்ப்போம்.

கணையம் இரைப்பைக்குப் பின்னால் ஆழத்தில் இருக்கிறது. கட்டி சிறிதாக இருக்கும்வரை பெரும்பாலும் எந்த அறிகுறியும் தெரியாது, தெரியவரும்போது பலருக்கு அறுவை சிகிச்சைக்கான கட்டம் தாண்டியிருக்கும். 2023-இல் 'நேச்சர் மெடிசின்' இதழில் ஒரு சீன ஆய்வு வந்தது. சீன நிறுவனமான அலிபாபாவின் ஆராய்ச்சிப் பிரிவான டாமோ அகாடமி, மருத்துவமனைகளோடு சேர்ந்து உருவாக்கிய 'பாண்டா' என்ற மென்பொருள், உறுப்புகளைப் படத்தில் தெளிவாகக் காட்டுவதற்கான கான்ட்ராஸ்ட் ஊசி போடாமல் எடுத்த சாதாரண சி.டி. ஸ்கேனிலேயே கணையக் கட்டியைக் காட்டிக்கொடுக்கிறது. அந்தப் படங்களில் கட்டி டாக்டர் கண்ணுக்கே எளிதில் பிடிபடாது. அதனால் கான்ட்ராஸ்ட் படத்தில் கட்டியின் எல்லையைக் குறித்து, அதை அதே நோயாளியின் சாதாரணப் படத்தின்மேல் பொருத்தி, 3,208 பேரின் ஸ்கேன்களைக் கொண்டு மென்பொருளுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். உடற்கூறும் கணிதமும் ஒரே மேசையில் உட்கார்ந்து செய்த வேலை இது.

பிறகு 20,530 பேரிடம் சோதித்தபோது, நோய் உள்ளவர்களில் 92.9 சதவீதம் பேரைக் கண்டுபிடித்தது. நோய் இல்லாதவர்களில் 99.9 சதவீதம் பேரை இல்லை என்றே சொன்னது. மகள் அந்த இரண்டாவது எண்ணில்தான் நின்று யோசிக்க வேண்டும். ஒரு லட்சம் பேரைச் சோதிக்கிறோம், நோய் இருப்பது பதினைந்து பேருக்குத்தான் என்று வையுங்கள். நோய் இல்லாதவர்களில் நூற்றுக்கு ஒருவரைத் தவறாகக் குறித்தாலே, ஆரோக்கியமான ஆயிரம் பேர் புற்றுநோய்ப் பயத்தோடு அடுத்த பரிசோதனைக்கு அலைய நேரும். ஆயிரத்துக்கு ஒருவர் என்றால் அது நூறு பேராகக் குறையும். இந்தக் கணக்கு புரியாதவர் எழுதும் மென்பொருளை ஆஸ்பத்திரிக்குள் விடக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. அதைப் புரியவைப்பது புள்ளியியல்.

ஆகவே நல்ல கல்லூரியில் பி.எஸ்சி. புள்ளியியல் கிடைத்தால் அதைக் குறைவாக நினைக்காதீர்கள். எம்.எஸ்சி.யில் உயிர்ப்புள்ளியியல் பக்கம் திரும்பலாம். பயோமெடிக்கல் இன்ஜினியரிங்கும் நல்ல வழி. சென்னை ஐ.ஐ.டி.யில் மருத்துவ அறிவியலையும் பொறியியலையும் சேர்த்துக் கற்பிக்கும் நான்கு வருட பி.எஸ். இருக்கிறது. அதற்கு ஐசர் (மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்கள்) நுழைவுத் தேர்வு மதிப்பெண் வேண்டும், எழுதியிருக்கிறாளா என்று கேளுங்கள். ஆஸ்பத்திரிச் சூழலிலேயே இருக்க விரும்பினால், எக்ஸ்ரே, ஸ்கேன் எடுக்கக் கற்றுத்தரும் ரேடியோகிராபி பட்டப்படிப்பு உண்டு.

இனி ஸ்கேன் பார்க்கும் டாக்டருக்கே வேலை இருக்காதாமே என்று அவள் அப்பா கவலைப்படுவதாக எழுதியிருந்தீர்கள். ரேடியாலஜிஸ்ட்களுக்குப் பயிற்சி தருவதையே நிறுத்திவிடலாம் என்று ஏ.ஐ. துறையின் முன்னோடி விஞ்ஞானி ஜெஃப்ரி ஹின்டன் 2016-லேயே சொன்னார். இன்றும் பல நாடுகளில் அவர்களுக்குப் பற்றாக்குறைதான்.

நீங்கள் சொன்ன கல்லூரியின் நான்கு வருடப் பாடத்திட்டத்தை வாங்கி அனுப்புங்கள். நிகழ்தகவு, நேரியல் இயற்கணிதம் எத்தனை செமஸ்டர் என்று பார்க்கிறேன். எந்த ஆஸ்பத்திரியோடு ஒப்பந்தம், போன வருடம் எத்தனை மாணவர்கள் அங்கே ப்ராஜெக்ட் செய்தார்கள் என்றும் நேரில் கேளுங்கள். பதில் வரும்வரை பணம் கட்ட வேண்டாம்.