நவி மும்பை நிரம்பத் தாமதம் ஏன்?

கேள்வி: மும்பைக்கு எதிர்க்கரையில் திட்டமிட்டே கட்டிய நவி மும்பையில் மக்கள் குடியேற ஏன் அத்தனை காலம் பிடித்தது?

பதில்: முக்கியக் காரணம் ரயில். 1960களில் கட்டடக் கலைஞர்கள் சார்லஸ் கொரியா, பிரவீணா மேத்தா, பொறியாளர் ஷிரிஷ் படேல் மூவரும் முன்வைத்த யோசனைதான் இந்த நகரம். 1970-ல் அதைக் கட்ட மகாராஷ்டிர அரசின் நகர வளர்ச்சி நிறுவனமான சிட்கோ உருவானது. நிலத்தைக் கையகப்படுத்தி, சாலை, குடிநீர் வசதி செய்து, மனை விற்ற பணத்தில் அடுத்த பகுதியைக் கட்டுவது அதன் வழி. மும்பையை நவி மும்பையின் வாஷி பகுதியோடு இணைக்கும் வாஷி பாலம் 1973-லேயே திறந்தாயிற்று; புறநகர் ரயில் வாஷிக்கு வந்ததோ 1992-ல்தான். யோசனைப்படி மாநிலத் தலைமைச் செயலகமும் புது நகருக்கு இடம் மாறவில்லை. தென் மும்பையில் நரிமன் பாயிண்ட்டில் கடலைத் தூர்த்து அலுவலகங்கள் எழுந்தன. வேலை அங்கேயே தங்கிவிட்டது. மொத்த விற்பனைச் சந்தைகள் வாஷிக்கு மாறியது பெரிய உதவி. நிலம் இழந்த கிராமத்தாருக்கோ போராடிய பிறகே, எடுத்த நிலத்தில் 12.5 சதவீத அளவை மனையாகத் திருப்பித் தரும் திட்டம் கிடைத்தது. முதலிலேயே தந்திருக்க வேண்டும்.