கணினிக் கேள்வி பதில்: கோப்பு கொக்குவிலில், பக்கம் ரொறன்ரோவில்

கேள்வி: ரொறன்ரோவில் ஒடியல், பனங்கட்டி முதலியவற்றை விற்கும் ஒரு சிறு நிறுவனத்தின் இணையப் பக்கங்களை நான் வீட்டிலிருந்தே கவனித்து வருகிறேன். அவை இணையப் பக்கங்களை அமைத்து நடத்த உதவும் ஹப்ஸ்பொட் என்ற தளத்தில் உள்ளன. பக்கங்களின் அமைப்பைத் தீர்மானிக்கும் வார்ப்புருக்களை உலாவியிலேயே திருத்துவது வழக்கம். சென்ற வாரம் மின்சாரம் நின்றபோது, சேமிக்காமல் வைத்திருந்த ஒரு மணி நேர வேலை போய்விட்டது. கோப்புகளை என் கணினியில் வைத்தே திருத்த, கறுப்புத் திரையில் கட்டளைகளைத் தட்டச்சு செய்து இயக்கும் கட்டளைவரிக் கருவி ஒன்று உண்டென்கிறார்கள். அந்தத் திரையைக் கண்டால் எனக்குப் பயம். அதை நம்பி இறங்கலாமா?
– வாசகி, கொக்குவில்

பதில்: தாராளமாக இறங்கலாம். கறுப்புத் திரையில் நீங்கள் தட்டச்சு செய்ய வேண்டியவை நாலைந்து கட்டளைகள்தான். முதலில் நோட் ஜேஎஸ் என்ற இலவச மென்பொருளை நிறுவ வேண்டும். அதனுடன் வரும், மென்பொருள்களை இறக்கி நிறுவும் என்பிஎம் வழியாக ஒரே வரியில் ஹப்ஸ்பொட்டின் கருவியும் வந்துவிடும். பிறகு உங்கள் ஹப்ஸ்பொட் கணக்கில் கடவுச்சொல் போன்ற தனிப்பட்ட அணுகல் சாவி ஒன்றை உருவாக்கிக் கொடுத்தால், கணினியும் கணக்கும் இணைந்துகொள்ளும்.

அதன்பின் 'ஃபெட்ச்' என்ற கட்டளை தளத்திலுள்ள கோப்புகளை உங்கள் கோப்புறைக்கு இறக்கும். 'அப்லோட்' அவற்றைத் திரும்ப ஏற்றும். 'வாட்ச்' கோப்புறையைக் கவனித்துக்கொண்டிருந்து, நீங்கள் சேமிக்குந்தோறும் அந்தக் கோப்பைத் தானே அனுப்பிவிடும். ஒரு மொடியூலை, அதாவது பக்கத்தில் சேர்க்கும் ஒரு தனிப் பகுதியை, இறக்கிப் பார்த்தால் அது ஒரு சிறு கோப்புறையாகவே வரும்: உள்ளே எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் கோப்புகளும், எந்தெந்தப் பெட்டிகளை நிரப்பலாம் என்று சொல்லும் 'ஃபீல்ட்ஸ்' கோப்பும் இருக்கும். மின்சாரம் நின்றாலும் கடைசியாகச் சேமித்தது உங்கள் கணினியிலேயே கிடக்கும்.

உங்களுக்கு வரக்கூடிய உண்மையான இடர் மின்வெட்டு அல்ல, நேர வேறுபாடு. கோடையில் நீங்கள் காலை 8 மணிக்கு வேலையைத் தொடங்கும்போது ரொறன்ரோவில் முந்திய இரவு 10.30. நீங்கள் உறங்கிய வேளையில் அங்குள்ளவர் அதே வார்ப்புருவை உலாவியில் திருத்தியிருக்கலாம். இந்தக் கருவி இருவரின் திருத்தங்களையும் ஒன்றுசேர்க்காது. கடைசியாக ஏற்றப்பட்டதே தளத்தில் நிற்கும். நானும் ஒருமுறை 'வாட்ச்' ஓடிக்கொண்டிருப்பதை மறந்து, பழைய பிரதியொன்றைத் திறந்து ஓர் இடைவெளியை மட்டும் அழித்துச் சேமித்தேன். கூட வேலை செய்தவர் முந்திய நாள் முழுவதும் செய்திருந்த திருத்தம் அந்த ஒரு சேமிப்பில் மறைந்துபோனது. அவர் என்னோடு இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை.

காலையில் 'ஃபெட்ச்' செய்தால் போதுமே என்று நினைப்பீர்கள். அங்கேதான் பலரும் வழுக்குகிறார்கள். உங்கள் கோப்புறையில் ஏற்கெனவே இருக்கும் கோப்பை அது சாதாரணமாகத் தொடாது, தவிர்த்துவிட்டுப் போகும். புதிய பிரதி வந்துவிட்டது என்று நம்பி நீங்கள் பழையதையே திருத்திக்கொண்டிருப்பீர்கள். 'ஓவர்ரைட்' என்ற சொல்லையும் கட்டளையோடு சேர்த்தால்தான் மேலெழுதும். அப்போது உங்கள் சொந்தத் திருத்தம் அழியும். ஆகவே கோப்புறையை கிட் என்ற பதிப்புக் காப்பு மென்பொருளின் கீழ் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் உங்கள் வேலையை கிட்டில் பதிந்து, பின் மேலெழுதும்படி இறக்கினால், உங்கள் பிரதிக்கும் தளத்திலுள்ள பிரதிக்கும் எங்கே வேறுபாடு என்பதை அது வரி வரியாகக் காட்டும். காலைத் தேநீர் ஆறுவதற்குள் முடிகிற வேலை இது.

இன்னொன்று: 'அப்லோட்' செய்தது, வேறு ஏற்பாடு செய்யாவிட்டால், உடனே வெளியாகிவிடும். 'டிராஃப்ட்' முறையில் ஏற்றினால் அது வரைவாக நிற்கும். தளத்தில் பார்த்துத் திருப்தியான பின் வெளியிடலாம். நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் சிறப்பு விற்பனைப் பக்கம் போடுவீர்களானால், இந்த வழக்கம் மிகவும் உதவும்.

கேள்வி: பனங்கட்டியின் விலையைப் பக்கத்தில் மாற்றிவிட்டுக் கோப்புகளை இறக்கினேன். எந்தக் கோப்பிலும் புதிய விலை இல்லையே?
– அதே வாசகி

பதில்: இருக்காது. கோப்பில் வருவது பக்கத்தின் சட்டகம் மட்டுமே. பக்கத் தொகுப்பியில் தட்டச்சு செய்த வாசகமும் விலையும் தளத்திலேயே தங்கிவிடும். அவற்றை இக்கருவி கொண்டுவராது. விலையை அங்கேயே மாற்றுங்கள்.

கேள்வி: அணுகல் சாவி இருந்த அமைப்புக் கோப்பைத் தவறுதலாக, எவரும் பார்க்கக்கூடிய கிட் களஞ்சியத்தில் ஏற்றிவிட்டேன். உடனே அழித்தும்விட்டேன். போதுமா?
– வாசகர், கரவெட்டி

பதில்: போதாது. அழித்த கோப்பும் கிட்டின் வரலாற்றில் இருக்கும். இன்றே கணக்குக்குள் சென்று அந்தச் சாவியைச் செயலிழக்கச் செய்து, புதியதை எடுத்து, அமைப்புக் கோப்பின் பெயரை, கிட் கவனிக்காமல் விடவேண்டிய கோப்புகளைக் குறிக்கும் 'கிட்இக்னோர்' பட்டியலில் சேருங்கள்.