பாட்டுத் திருடரா டெலாஜ்?

கேள்வி: மோரிஸ் டெலாஜ் என்ற பிரெஞ்சு இசையமைப்பாளர் நம்மூர் ராகமாலிகை ஒன்றை எடுத்துத் தன் பெயரில் போட்டுக்கொண்டாராமே? இது பாட்டுத் திருட்டு இல்லையா?
- ஒரு வாசகர், திருச்சி

பதில்: தாராளமாகக் கோபப்படுங்கள். அதற்கு முன்னால், அந்தப் பாட்டைப் பாடியவர் பெயர் உங்களுக்குத் தெரியுமா? கோயம்புத்தூர் தாயி. தேவதாசி மரபில் வந்தவர். கிராமபோன் வந்த புதிதிலேயே தட்டுகளில் பாடிப் புகழ்பெற்றவர்.

டெலாஜ் (1879-1961) பாரீஸ்காரர். வசதியான வீட்டுப் பிள்ளை, பிரெஞ்சு இசைமேதை ராவெலின் சீடர். எழுதியது கொஞ்சம்தான். 1912இல் இந்தியாவில் சுற்றியபோது 'நான்கு இந்துக் கவிதைகள்' என்ற பாடல் தொகுப்புக்கு இசையமைத்தார். ஒவ்வொன்றுக்கும் ஓர் ஊர்ப் பெயர்: மதராஸ், லாகூர், காசி, ஜெய்ப்பூர். 'மதராஸ்' என்றதும் பூரித்துவிடாதீர்கள், வரிகள் சம்ஸ்கிருதக் கவிஞர் பர்த்ருஹரியுடையவை. 'லாகூர்' இன்னும் வேடிக்கை. ஜெர்மன் கவிஞர் ஹைனே எழுதியது. பனிக்குள் நிற்கும் ஒரு மரம் எங்கோ வெயிலில் நிற்கும் பனைமரத்தை நினைத்து ஏங்குகிறது. லாகூருக்கும் அதற்கும் என்ன சம்பந்தமோ! ஆனால் அதில் செல்லோவைக் கேளுங்கள். வில்லைக் கீழே வைத்துவிட்டுத் தந்தியை விரலால் மீட்டி இழுக்கிறார்கள். இந்துஸ்தானிக் கலைஞர் இம்தாத் கானின் சுர்பஹார் (சிதாரைவிடப் பெரிய, கனத்த ஒலியுள்ள தந்தி வாத்தியம்) தட்டு காதில் ஒலித்துக்கொண்டே இருந்திருக்க வேண்டும்.

சரி, உங்கள் ராகமாலிகைக்கு வருவோம். தாயி பாடிய வள்ளலாரின் அருட்பாத் தட்டை வைத்து, குரலுக்கும் பியானோவுக்குமாக டெலாஜ் எழுதியதுதான் அது. பியானோவில் கமகம், அதாவது சுரத்தை அசைத்து வளைப்பது, வராது. கட்டையை அழுத்தினால் சுரம் நின்ற இடத்திலேயே நிற்கும். மனிதர் விடவில்லை. ஒரே ஒரு சுரத்தின் தந்திக்கு அடியில் அட்டைத் துண்டைச் செருகச் சொன்னார். அந்தச் சுரம் மட்டும் மிருதங்கத்தின் தொப்பி மாதிரி 'தொம்' என்று விழும். அமெரிக்காவில் ஜான் கேஜ் என்ற இசையமைப்பாளர் பியானோத் தந்திகளில் திருகாணி செருகிப் பேர் வாங்கியது இதற்கு வெகு காலம் கழித்துத்தான்.

திருடுகிறவர் முதலில் அடையாளத்தை அழிப்பார். இவர் தலைப்பை 'ராகமாலிகா' என்றே விட்டார், பாரீஸ் பாடகியைத் தமிழிலேயே பாடவும் வைத்தார். அந்த உச்சரிப்பைப் பற்றி வேண்டுமானால் சண்டை போடலாம், நானும் கூட வருகிறேன்.

தாயியின் பழைய தட்டுகள் சில இணையத்தில் கிடைக்கின்றன. முதலில் அவற்றைக் கேளுங்கள், அப்புறம் டெலாஜ். அதற்குப் பிறகும் கோபம் ஆறாவிட்டால் எழுதுங்கள், பிரசுரிக்கிறேன்.