தங்கச்சிமடத்தில் இருக்கும் அப்பாவுக்கு டயாலிசிஸ்: யாரிடம் காட்டுவது?

தம்பி, தங்கச்சிமடத்தில் இருக்கும் அப்பாவுக்கு டயாலிசிஸ் தொடங்கச் சொல்லிவிட்டார்கள், யாரிடம் போவது என்று கேட்டிருந்தீர்கள். பொது மருத்துவரோடு நின்றுவிடாதீர்கள். சிறுநீரகத்துக்கென்றே டி.எம். என்ற மேற்படிப்பு முடித்த நெஃப்ராலஜிஸ்ட் (சிறுநீரக மருத்துவர்) பார்த்தாக வேண்டும். மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் அதற்குத் தனித்துறையே இருக்கிறது. முதலில் அங்கே காட்டுங்கள்.

ஆனால் டயாலிசிஸ் பெரும்பாலும் வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். அத்தனை முறையும் பாம்பன் பாலம் தாண்டி மதுரைக்கு அலைந்தால் அப்பா துவண்டுபோவார். வாராந்திரச் சிகிச்சையை ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தொடர முடியுமா என்று விசாரியுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையைக் கையோடு கொண்டுபோங்கள்.

ஃபிஸ்டுலா பற்றி முதல் நாளே கேளுங்கள், தள்ளிப்போடாதீர்கள். டயாலிசிஸ் ஊசி போடுவதற்காகக் கையில் தமனியையும் சிரையையும் இணைக்கும் சிறிய அறுவை சிகிச்சை அது. பக்குவப்பட ஆறு வாரத்துக்கு மேலும் ஆகலாம். அதுவரை டயாலிசிஸுக்காகக் கழுத்தில் குழாய் போட நேர்ந்தால் கிருமித் தொற்று பயம் அதிகம். பக்குவப்பட்ட இடத்தில் விரல் வைத்தால் கிர்ரென்று அதிரும். தினமும் தொட்டுப் பாருங்கள், அதிர்வு நின்றால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். அந்தக் கையில் டயாலிசிஸ் தவிர வேறு ஊசியோ ரத்த அழுத்தப் பட்டையோ கூடவே கூடாது.

நம் கடற்கரை வீடுகளில் கருவாட்டையும் இளநீரையும் நிறுத்துவதுதான் பெரும்பாடு. ஒன்றில் உப்பு, மற்றதில் பொட்டாசியம், இரண்டுமே அப்பாவுக்கு ஆகாது. உறவினர்கள் அன்பாக இளநீர் வெட்டி நீட்டினாலும் கண்டிப்பாக மறுத்துவிடுங்கள். இரவில் படுக்க முடியாமல் மூச்சு வாங்கினால் விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.